கம்ப்ரஸர் ஆயில் ஹீட்டர் போட்ட வேகத்தில் எரிந்துவிடுகிறது, காரணம் என்னவாக இருக்கும்?

பனிக்கூடம் (தூத்துக்குடி)

வணக்கம். இறால், கணவாய் உறைய வைக்கும் ஒரு பிளாண்டில் எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். பிளாஸ்ட் ஃப்ரீசருக்கு நாலு செமி ஹெர்மெட்டிக் கம்ப்ரஸர் (மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே உறைக்குள், போல்ட் கழற்றித் திறக்கிற வகை) இருக்கிறது, எல்லாம் ஆர்-404ஏ என்ற குளிரூட்டும் கேஸ், பி.ஓ.இ. என்ற செயற்கை ஆயில். இதில் மூன்றாம் நம்பர் மெஷினில் மட்டும் கிராங்க்கேஸ் (கம்ப்ரஸர் அடியில் ஆயில் நிற்கிற பகுதி) ஹீட்டர் நிற்கவே மாட்டேன் என்கிறது. மெஷினோடு வந்த ஹீட்டர் பல வருடம் ஓடியது. அது போன பிறகு கடையில் பழசைக் காட்டி அதே அளவில் வாங்கிப் போட்டோம், போய்விட்டது. இன்னொன்று போட்டோம், அதுவும் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் உறை கருத்து ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் போகவில்லை, வளர்ப்பு இறாலுக்கு இரண்டு மெஷின் போதும் என்பதால் மூன்றாம் நம்பர் நின்றுகொண்டேதான் இருக்கிறது. ஓட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தோம். எடுத்த உடனே சைட் கிளாஸ் (ஆயில் லெவல் பார்க்கும் கண்ணாடி) முழுக்க வெள்ளை நுரை, ஆயில் லெவலே தெரியவில்லை, கொஞ்ச நேரத்தில் ஆயில் பிரஷர் சேஃப்டி ட்ரிப் ஆனது. அதோடு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

முதலாளி கேட்கிறார், ஊட்டியில் இருந்தால் ஹீட்டர் வேண்டும், வெயில் கொளுத்துகிற தூத்துக்குடியில் எதற்கு ஹீட்டர், கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டு என்று. அவருக்கு என்ன பதில் சொல்வது? இது ஏன் எரிகிறது? கேஸ் வெளியே விடாமல் ஹீட்டரை மாற்ற முடியுமா? ஜூன் 15 படகு கடலுக்குப் போனால் அடுத்து எல்லா மெஷினும் வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளிர்மெக்கானிக் (மதுரை)

தம்பி, மெஷினைத் திரும்ப எடுக்காமல் நிறுத்தி வைத்தீர்கள் பாருங்கள், அது நல்ல வேலை. நுரையோடு ரீசெட் அடித்து ரீசெட் அடித்து எடுத்துத்தான் பல இடங்களில் பேரிங் போகிறது.

முதலாளிக்கு முதலில் பதில். இந்த ஹீட்டர் குளிருக்காகப் போட்டது இல்லை. ஆயிலுக்குக் கேஸை உறிஞ்சிக்கொள்ளும் குணம் உண்டு. மெஷின் நின்றதும் சிஸ்டத்தில் எங்கே ஆவி அழுத்தம் குறைவோ அங்கே கேஸ் போய்ச் சேரும், ஆயிலில் கரைந்த கேஸின் அழுத்தம் தனிக் கேஸைவிடக் குறைவு, அதனால் சுற்றிலும் ஒரே வெப்பநிலை இருந்தால்கூட கேஸ் ஆயிலைத் தேடி வந்துகொண்டே இருக்கும். உங்கள் ஊரில் வெயில் இதைக் குறைப்பதில்லை, சில நேரம் கூட்டிவிடுகிறது. கண்டன்சர் மொட்டை மாடியில் இருந்தால் காலை ஏழு மணிக்கே வெயில் அதைச் சுட ஆரம்பித்துவிடும், கீழே மெஷின் ரூம் இன்னும் ராத்திரிக் குளுமையில்தான் இருக்கும். சூடான பக்கத்திலிருந்து கேஸ் கிளம்பிக் குளிர்ந்த கிராங்க்கேஸுக்கு வரும். சரியாக அந்த நேரத்தில்தான் காலை ஷிஃப்ட் வந்து ஸ்டார்ட் பட்டனை அமுக்குவார்கள்.

எடுத்ததும் என்ன ஆகிறது என்றால், கிராங்க்கேஸ் அழுத்தம் சட்டென்று விழுகிறது, கரைந்திருந்த கேஸ் மொத்தமும் ஒரே நேரத்தில் கொதித்துக் கிளம்புகிறது. கோலி சோடாவைத் திறந்த மாதிரிதான். ஆயில் பம்ப் உறிஞ்சுவது ஆயில் இல்லை, நுரை. அதனால் பிரஷர் ஏறாது, சேஃப்டி ட்ரிப் ஆகும். நுரையோடு ஆயிலும் சிலிண்டர் வழியாக வெளியே போய்விடும், போன ஆயில் திரும்பி வரும்வரை கிராங்க்கேஸ் காலி. வால்வு பிளேட் உடைவது, கனெக்டிங் ராட் வளைவது எல்லாம் இதன் அடுத்த கட்டம்.

ஒரு அடையாளம் சொல்கிறேன், இதை முதலாளியையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். மெஷின் நின்றவுடன் சைட் கிளாஸில் ஆயில் லெவலுக்கு மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள், அடுத்த நாள் எடுப்பதற்கு முன் பாருங்கள். லெவல் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் ஏறினது ஆயில் இல்லை, கேஸ். யாரும் ராத்திரியில் வந்து ஆயில் ஊற்றவில்லையே.

இன்னொன்றையும் பிரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட் ஆகிற நேரத்தில் மட்டும் நுரை வந்து பிறகு அடங்கினால் ஹீட்டர் பக்கம் பாருங்கள். ஓடும்போதும் நுரை அடங்காமல், கிராங்க்கேஸ் வெளிப்பக்கம் வியர்த்து, பனி படிந்து இருந்தால் அது திரவமாகவே கேஸ் திரும்பி வருகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வு, இவாப்பரேட்டர் ஃபேன், டிஃப்ராஸ்ட் இதையெல்லாம் பார்க்க வேண்டும். அதற்கு எத்தனை வாட் ஹீட்டர் போட்டாலும் பயன் இல்லை.

மெகர் (கோவை)

எரிகிற காரணத்துக்கு வருவோம். உங்கள் ஹீட்டர் எந்த வகை? மூன்று விதம் உண்டு. கிராங்க்கேஸைச் சுற்றி வெளியே கட்டுகிற பெல்ட் வகை, ஆயிலிலேயே நேராக முங்கியிருக்கிற வகை, அப்புறம் கிராங்க்கேஸில் ஒரு மூடிய குழி இருக்கும், அதற்குள் சொருகுகிற கார்ட்ரிட்ஜ் வகை. செமி ஹெர்மெட்டிக்கில் பெரும்பாலும் கடைசி வகைதான். அப்படி என்றால் குழி ஆயிலையும் கேஸையும் தனியாகப் பிரித்து வைத்திருக்கும், கேஸ் எடுக்காமலேயே ஹீட்டரை உருவி மாற்றலாம். ஆனால் மெஷின் புத்தகத்தில் படம் பார்த்து உறுதி செய்யாமல் ஸ்பானர் வைக்காதீர்கள். நேராக ஆயிலில் முங்கிய வகையாக இருந்து, குழி வகை என்று நினைத்துத் திருகினால் கேஸும் ஆயிலும் முகத்தில் அடிக்கும்.

கார்ட்ரிட்ஜ் உறை ஒரு பக்கம் மட்டும் வீங்குகிறது என்றால் அந்தப் பக்கம் சூடு இறங்க வழியில்லை என்று அர்த்தம். குழிக்கும் ஹீட்டருக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கிறது, அல்லது வாட் அதிகம். ஸ்பேர் ஏதாவது கையில் இருந்தால் ஓம்ஸ் பார்த்து எழுதுங்கள். விட்டம், நீளமும் சேர்த்து. பழைய ஒரிஜினல் ஹீட்டரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்றும் பாருங்கள்.

ஹீட்டரைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று. இந்த ஹீட்டர் மெஷின் நிற்கும்போதுதான் லைவ். கான்டாக்டரின் என்.சி. காண்டாக்ட் (கான்டாக்டர் இழுக்காதபோது மூடியிருப்பது) வழியாக சப்ளை வருவதால் மெஷின் ஓடினால் கட் ஆகும், நின்றால் ஆன் ஆகும். மெஷின்தான் நிற்கிறதே என்று டெர்மினல் பாக்ஸைத் திறந்து கை வைத்தால் 230 வோல்ட். மெயினை இறக்கிவிட்டாலும் கண்ட்ரோல் சப்ளை வேறு இடத்திலிருந்து வரலாம். ஹீட்டர் எம்.சி.பி.யை இறக்கி, பூட்டுப் போட்டு, டெர்மினலில் மீட்டர் வைத்து சைபர் என்று பார்த்த பிறகுதான் கை.

பனிக்கூடம் (தூத்துக்குடி)

பார்த்துவிட்டேன் அண்ணே. கார்ட்ரிட்ஜ் வகைதான், மெஷின் புத்தகத்திலும் அப்படித்தான் படம் இருக்கிறது. ஒரிஜினல் ஸ்டோரில் கிடந்தது, அதில் 230 வோல்ட் 120 வாட் என்று இருக்கிறது. விட்டம் 16 மில்லி, நீளம் 100 மில்லி. கடையில் கொடுத்த ஸ்பேர் ஒன்று பிரிக்காமல் இருந்தது, அதன் மேல் வாட் எதுவும் எழுதவில்லை, அளவு மட்டும் அதே அளவு. மீட்டர் வைத்தால் 176 ஓம் காட்டுகிறது. குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், கருப்பாகப் பொருக்கு மாதிரி ஒட்டியிருக்கிறது, பேஸ்ட் போட்ட தடயமே இல்லை. ஹீட்டர் உள்ளே லொடலொடவென்று ஆடுகிறது.

மெகர் (கோவை)

விடை உங்கள் மீட்டரிலேயே இருக்கிறது. 230-ஐ 230-ஆல் பெருக்கி 176-ஆல் வகுத்துப் பாருங்கள், 300 வாட் வரும். ஒரிஜினல் 120 வாட்டுக்கு 441 ஓம் காட்ட வேண்டும், டாங் டெஸ்டரில் (வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் பார்க்கும் மீட்டர்) அரை ஆம்பியர்தான் இழுக்கும். நீங்கள் போட்டது 1.3 ஆம்பியர் இழுக்கிறது. அளவு மட்டும் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அதே இடத்தில் வாட் மட்டும் இரண்டரை மடங்கு. 16 மில்லி விட்டம், 100 மில்லி நீளம் என்றால் உறையின் மேற்பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். 120 வாட்டுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.4 வாட் வருகிறது, 300 வாட்டுக்கு 6 வாட். அசையாமல் நிற்கிற ஆயிலைச் சூடாக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு, இரண்டரை வாட்டைத் தாண்டாமல் இருப்பதுதான் வழக்கம். தாண்டினால் குழிச் சுவரை ஒட்டி நிற்கிற ஆயில் கருகிக் கரியாகப் படியும், அந்தக் கரி சூட்டைக் கடத்தாது, ஹீட்டர் இன்னும் சூடாகும், கடைசியில் வெடிக்கும். வாட் அதிகம் போட்டால் சீக்கிரம் சூடாகும், நல்லதுதானே என்று கடைக்காரர்கள் சொல்வதை நம்பிவிட வேண்டாம்.

புது ஹீட்டர் அதே 120 வாட்டில், வாட் அச்சடித்ததாக வாங்குங்கள். போடும் முன் ஓம்ஸ் பாருங்கள், 500 வோல்ட் மெகர் வைத்து உறைக்கும் கம்பிக்கும் நடுவே இன்சுலேஷன் பாருங்கள். உள்ளே இருக்கிற மெக்னீசியம் ஆக்ஸைடு தூள் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை, 100, 120 டிகிரி ஓவனில் சில மணி நேரம் வைத்து எடுத்து மறுபடி பாருங்கள், ஏறிவிட்டால் பயன்படுத்தலாம். அப்போதும் ஏறவில்லை என்றால் வேண்டாம்.

குழியைத் துணி சுற்றிய மரக்குச்சி, நைலான் பிரஷ் இவற்றால் சுத்தம் செய்யுங்கள். ட்ரில் பிட், ரீமர் எதுவும் விடாதீர்கள், குழிச் சுவர் மெல்லியது, ஓட்டை விழுந்தால் கிராங்க்கேஸையே மாற்ற வேண்டும். ஹீட்டர் இறுகி வராமல் இருந்தாலும் சுத்தியலால் தட்டக் கூடாது. பிறகு சூடு கடத்தும் பேஸ்டை ஹீட்டர் முழுக்கச் சீராகப் பூசி, சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள், நடுவே காற்று நிற்காது. கிரீஸ் போடாதீர்கள், அது உருகி ஓடிவிடும்.

இந்தக் கணக்கு சாதாரணக் கம்பிச்சுருள் ஹீட்டருக்குத்தான். பி.டி.சி. வகை என்றால் குளிர்ந்த நிலையில் ஓம்ஸ் வேறு மாதிரிக் காட்டும், சூடாக ஆக மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதை ஆம்பியர் பார்த்துத்தான் சொல்ல முடியும். மெஷினில் எது வந்ததோ அதையே வாங்குங்கள்.

ஐஸ்பிளான்ட்காரர் (நாகப்பட்டினம்)

நல்ல விளக்கம். அமோனியா வைத்திருப்பவர்களும் இந்தத் திரியைப் படிப்பார்கள் என்பதால் எங்கள் பக்கம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே அதே முறையில் போய்க் கை வைத்தால் உயிருக்கு ஆபத்து.

அமோனியா மினரல் ஆயிலில் கரையாது. அதனால் கரைந்து நுரைக்கிற தொல்லை குறைவு, ஆனால் ஸ்க்ரூ மெஷின் நிற்கும்போது ஆயில் செபரேட்டர் ஆறினால் அமோனியா அங்கே திரவமாக இறங்கும், ஆயிலும் கெட்டியாகும். அதற்காகத்தான் செபரேட்டரில் ஹீட்டர், தெர்மோஸ்டாட் எல்லாம். இங்கே நேராக ஆயிலில் முங்குகிற வகையும் இருக்கிறது, அதைக் கழற்றினால் பாத்திரமே திறந்துவிடும்.

நாங்கள் செய்கிற முறை இது. ஹீட்டர் எம்.சி.பி.யை முதலில் இறக்கி, ஹீட்டரை ஆறவிட்ட பிறகுதான் ஆயிலை இறக்குவோம். ஆயில் இல்லாமல் ஹீட்டர் ஆனில் இருந்தால் உறை பழுத்துவிடும். சக்ஷன், டிஸ்சார்ஜ், ஆயில் லைன் வால்வுகளை அடைத்துப் பூட்டுப் போட்டு, அமோனியாவை லோ பிரஷர் பக்கம் இழுத்துவிட்டு, மிச்சத்தை முறைப்படி தண்ணீரில் விட்டு, கேஜ் சைபர் காட்டின பிறகும் ஆயிலுக்குள் அமோனியா இருக்கும் என்றே நினைத்து வேலை செய்ய வேண்டும். முழு முகமூடி, கையுறை, பக்கத்தில் தண்ணீர் குழாய், இரண்டாவது ஆள் கட்டாயம். போல்ட்டுகளை எதிர் எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஃபிளாஞ்சை லேசாக நெகிழவிட்டு, நம் உடம்புக்கு எதிர்ப்பக்கம் திறக்கிற மாதிரி நிற்க வேண்டும். அமோனியா 300 பி.பி.எம். அளவிலேயே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்து வைத்திருக்கிறார்கள்.

கடையில் தண்ணீர் ஹீட்டருக்குப் போடுகிற பித்தளைத் தலை வைத்த ஹீட்டரைத் திருகு அளவு சரியாக இருக்கிறது என்று கொடுப்பார்கள். அமோனியாவில் பித்தளை, செம்பு எதுவும் ஆகாது, அரித்துவிடும். இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும்தான். செம்பு உறை ஹீட்டரும் கூடாது.

போட்டு முடித்து, நைட்ரஜனில் பிரஷர் டெஸ்ட் பண்ணி, வாக்குவம் இழுத்து, ஆயில் ஏற்றி லெவல் ஹீட்டருக்கு மேலே வந்த பிறகுதான் ஹீட்டர் ஆன். வாக்குவம் ஓடும்போது ஆன் செய்யவே கூடாது. ஆயில் லெவல் குறைந்தால் ஹீட்டரைத் துண்டிக்கிற இன்டர்லாக் இல்லாத பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் போட்டுக்கொள்ளுங்கள், ஹீட்டர் விலையோடு ஒப்பிட்டால் பெரிய செலவில்லை.

தடைக்காலம் பற்றி ஒரு கருத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மெஷின் நிற்கிறது. அத்தனை நாளும் ஹீட்டரை ஆனில் விடுவது வீண் என்பது என் எண்ணம். சிஸ்டத்தைப் பம்ப் டவுன் செய்து (கேஸை இழுத்து ரிசீவரில் அடைத்து), கம்ப்ரஸர் வால்வுகளை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, ஹீட்டரை அணைத்துவிட்டால் கேஸ் வர வழியில்லை. ஓட்டுவதற்கு 24 மணி நேரம் முன்னால் ஹீட்டரைப் போட்டால் போதும்.

குளிர்மெக்கானிக் (மதுரை)

அண்ணாச்சி, அமோனியா பிளாண்டுக்கு நீங்கள் சொல்வது சரி. இந்தத் தம்பியின் பிளாண்டில் மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, நாலும் ஒரே ஹெட்டரில் (பொதுக் குழாயில்) இருந்தால் பழைய வால்வு லேசாகக் கசிந்தால்கூடக் கேஸ் மூன்றாம் நம்பருக்குள் வந்துவிடும். 120 வாட் ஹீட்டர் ஒரு நாளைக்கு 2.88 யூனிட், 61 நாளுக்கு 176 யூனிட்டுக்கும் கீழே. ஒரு செமி ஹெர்மெட்டிக்கைப் பிரித்து பேரிங் மாற்றும் செலவில் இது ஒன்றுமே இல்லை. வால்வையும் அடையுங்கள், ஹீட்டரையும் விட்டு வையுங்கள் என்பேன் நான். வால்வை அடைத்தவர் சுவிட்சில் ஒரு அட்டை கட்டித் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் அடைத்த வால்வோடு யாராவது மெஷினை எடுத்துவிடுவார்கள்.

தம்பி, இன்னொரு கேள்வி. ராத்திரி மெஷின் நிற்கும்போது எந்த ஸ்விட்சை இறக்குகிறீர்கள்?

பனிக்கூடம் (தூத்துக்குடி)

மூன்றாம் நம்பருக்கு மட்டும் கண்ட்ரோல் சப்ளை அதன் மெயின் ஐசொலேட்டரிலிருந்தே எடுத்திருக்கிறது, மற்ற மூன்றுக்கும் தனியாக வருகிறது. நைட் ஷிஃப்ட் மெஷின் வேண்டாம் என்றால் ஐசொலேட்டரையே இறக்கிவிட்டுப் போகிறார்கள். அப்படியென்றால் நல்ல ஹீட்டர் இருந்த காலத்திலும் ராத்திரி அது வேலை செய்யவே இல்லை. பேனலில் ஹீட்டர் லைட் பகலில் எரியும், அதை வைத்து எல்லாம் சரி என்று இருந்திருக்கிறார்கள்.

மெகர் (கோவை)

அந்த லைட்டை நம்பவே கூடாது. ஹீட்டருக்குப் பக்கத்தில் இணையாகப் போட்ட லைட் சப்ளை வருகிறது என்று மட்டும்தான் சொல்லும், ஹீட்டர் அறுந்து கிடந்தாலும் எரியும். முடிந்தால் ஒரு கரண்ட் சென்சிங் ரிலே போட்டு, மெஷின் நிற்கும்போது ஹீட்டரில் ஆம்பியர் இல்லை என்றால் அலாரம் அடிக்கிற மாதிரி செய்யுங்கள். அது இல்லாதவரை வாரம் ஒரு தடவை டாங் டெஸ்டர், ஷிஃப்ட் புத்தகத்தில் ஒரு வரி.

ஹீட்டருக்குத் தனி எம்.சி.பி., ஐசொலேட்டருக்கு முன்னால் இருந்து தனி ஃபீடர் கொடுங்கள். ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் பஸ்பாரில் இருந்தால் இன்னும் நல்லது, ஈ.பி. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்துகிற நாளில் ஹீட்டர் ஆறாமல் இருக்கும். இப்படித் தனி ஃபீடர் கொடுத்த பிறகு கம்ப்ரஸர் டெர்மினல் பாக்ஸ் மூடியில் "ஐசொலேட்டர் இறக்கினாலும் உள்ளே ஹீட்டருக்கு 230 வோல்ட் இருக்கும்" என்று பெரிய எழுத்தில் தமிழிலும் ஹிந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். வடநாட்டுத் தம்பிகள்தான் நிறைய வேலை செய்கிறார்கள், அவர்களும் படிக்க வேண்டும். பழைய என்.சி. காண்டாக்டையும் கழற்றிச் சுத்தம் பாருங்கள், உப்புக் காற்றில் அது களிம்பு பிடித்து ஒட்டாமல் போவது சகஜம்.

பனிக்கூடம் (தூத்துக்குடி)

120 வாட் ஹீட்டர் வந்தது, 438 ஓம், மெகரில் நன்றாக இருக்கிறது. பேஸ்ட் போட்டு ஏற்றிவிட்டோம், ஃபீடரும் தனியாக இழுத்தாயிற்று. ஆன் செய்து ஒரு நாள் முழுக்க விட்டேன். சைட் கிளாஸில் லெவல் அரைக்கும் கீழே இறங்கியிருக்கிறது, அதாவது இதுவரை ஆயிலில் நிறையக் கேஸ் கலந்திருந்திருக்கிறது. கிராங்க்கேஸ் அடியில் டெம்பரேச்சர் கன் வைத்தால் 46 டிகிரி, ரூம் 33. இது போதுமா? ஆயிலை மாற்ற வேண்டுமா?

குளிர்மெக்கானிக் (மதுரை)

சுற்றுப்புறத்தைவிட 10, 15 டிகிரி மேலே இருந்தால் போதும், உங்களுடையது 13. கன்னைப் பளபளப்பான இரும்பில் வைத்தால் குறைத்துக் காட்டும், கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் வைத்துப் பாருங்கள்.

ஆயில் விஷயத்தில் நான் மாற்றிவிடவே சொல்வேன். அந்த 300 வாட் ஹீட்டர் குழியை ஒட்டிக் கருக்கிய கரி ஆயிலில் கலந்திருக்கும். இறக்குவதற்கு முன் ஹீட்டரை அணைத்துவிடுங்கள், இப்போது தனி ஃபீடர் என்பதால் மறந்துபோக வாய்ப்பு அதிகம். இறக்கிய ஆயிலில் ஆசிட் டெஸ்ட் கிட் போட்டுப் பாருங்கள், ஆசிட் காட்டினால் ஃபில்டர் டிரையரையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஆயில் ஸ்ட்ரெயினரைக் கழற்றும்போது பேரிங் துகள் பளபளவென்று ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அந்த நுரை ஸ்டார்ட்டில் எவ்வளவு அடி வாங்கியது என்று அதில் தெரிந்துவிடும். புது பி.ஓ.இ. ஆயில் டின்னை ஊற்றுகிற நேரத்தில் மட்டும் திறங்கள், அது காற்றிலிருக்கும் ஈரத்தைச் சட்டென்று இழுக்கும், உங்கள் ஊர் காற்றில் பாதி டின் மிச்சம் வைத்து அடுத்த முறை ஊற்றுவது வேண்டாம், சின்ன டின்னாகவே வாங்கிக்கொள்ளுங்கள். ஆயில் ஏற்றிய பிறகு ஹீட்டரை மறுபடி ஒரு ராத்திரி விட்டு, காலையில் லெவல் ஏறவில்லை என்று பார்த்துவிட்டு எடுங்கள். ஸ்ட்ரெயினரில் என்ன கிடைத்தது என்று மட்டும் எழுதுங்கள், துகள் இருந்தால் மெஷினை எடுக்காமல் சொல்லுங்கள்.